எவ்வளவு போதும் என்று முதலிலேயே எழுதி வைப்பது: அபரிகிரகம், ஓர் அறிமுகம்

மகாவீரர் காலத்தில் வாணிஜ்யகிராமம் என்ற ஊரில் ஆனந்தர் என்று ஒரு பெரும் பணக்காரர் இருந்தார் என்கிறது சமணர்களின் புனித நூல்களான ஆகமங்களில் ஒன்று. புதைத்து வைத்த பொன் 4 கோடி, வட்டிக்கு விட்டது 4 கோடி, வீடு வாசல் பண்டபாத்திரமாக இருந்தது 4 கோடி. அது போக, பத்தாயிரம் மாடுகள் கொண்ட மந்தைகள் நான்கு. இவர் மகாவீரரின் பேச்சைக் கேட்டு விரதம் எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போயிருப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை. இந்த 12 கோடிக்கு மேல் வேண்டாம், இந்த நான்கு மந்தைக்கு மேல் வேண்டாம் என்று எல்லை போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

பட்டியல் அத்தோடு நிற்கவில்லை. ஏர் இத்தனை, வண்டி இத்தனை, படகு இத்தனை என்று இறங்கி வந்து, உடுத்துவதற்குப் பருத்தி ஆடை ஒரு ஜோடி, குடிப்பதற்கு மழைநீர், பல் துலக்கப் பச்சை அதிமதுரக் குச்சி என்பது வரை போகிறது. முதல் முறை படிக்கும்போது சிரிப்பு வரும். 12 கோடியை வைத்துக்கொண்டு பல்குச்சியில் சிக்கனமா என்று தோன்றும். ஆனால் அபரிகிரகம் என்ற கொள்கையில் இன்றைக்கு நமக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. பரிகிரகம் என்றால் பொருளைச் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்வது. அப்படிப் பிடித்து வைக்காமல் இருப்பது அபரிகிரகம். சமணத்தின் ஐந்து விரதங்களில் இது ஐந்தாவது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம் ஆகியவை மற்ற நான்கு. துறவிகளுக்கு இவை மகாவிரதங்கள், விலக்கே கிடையாது. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இவையே அணுவிரதங்கள், அதாவது அளவு குறைந்த விரதங்கள். இல்லறத்தாருக்கான ஐந்தாவது விரதத்தைத் தமிழ்ச் சமணர்கள் 'மிகுபொருள் விரும்பாமை' என்று சொல்வார்கள். பொருளே கூடாது என்பதில்லை, மிகுபொருள்தான் கூடாது. எது மிகுதி என்று யார் சொல்வது? விரதம் எடுப்பவரேதான். அவர் எண்களாகச் சொல்லிவிட வேண்டும்.

துறவிகள் பக்கம் நிலைமை வேறு. ஆடையே உடுத்தாத திகம்பரப் பிரிவுத் துறவியிடம் இருப்பவை மயிற்பீலி, கமண்டலம், படிக்க ஒரு நூல், அவ்வளவுதான். பாத்திரம்கூடக் கிடையாது. நாளுக்கு ஒரு வேளை, நின்றபடியே, கையில் வாங்கிச் சாப்பிடுவார். மதுரையைச் சுற்றியுள்ள மாங்குளம் போன்ற குன்றுகளில், குகைத் தளத்தில் வெட்டிய கற்படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். தலைமாட்டில் தலையணை போலக் கொஞ்சம் மேடு விட்டிருப்பார்கள். வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. துறவிக்குக் கொடுத்த படுக்கைதான், ஆனால் அவர் கிளம்பும்போது சுருட்டி எடுத்துப் போக முடியாது. அடுத்து வருபவர் படுத்துக்கொள்வார்.

இனி, இந்தக் கொள்கையின் நடுநாயகமான கேள்விக்கு வருவோம். பொருளை வைத்திருப்பதே தவறா, அதன்மேல் மனம் ஒட்டிக்கொள்வது தவறா?

சமணத்தின் எல்லாப் பிரிவினரும் மதிக்கும் தத்துவார்த்த சூத்திரம் என்ற நூல் இரண்டே சொற்களில் விடை சொல்கிறது: 'மூர்ச்சா பரிகிரக:'. பொருளின்மேல் வரும் மயக்கம்தான் பரிகிரகம். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு திகம்பரர்களும் சுவேதாம்பரர்களும் பல நூற்றாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். சண்டை துணியைப் பற்றியது. சுவேதாம்பரத் துறவிகள் வெள்ளை ஆடை உடுத்துவார்கள், பிச்சைப் பாத்திரம் வைத்திருப்பார்கள். மயக்கம்தானே தவறு, மயக்கமில்லாமல் உடுத்தினால் துணி எப்படிப் பரிகிரகம் ஆகும் என்பது அவர்கள் கேள்வி. உங்கள் கையில் மயிற்பீலி இருக்கிறதே, அது மட்டும் என்ன என்றும் திருப்பிக் கேட்டார்கள்.

திகம்பரர்கள் சொன்ன பதில் நடைமுறை அறிந்தவர்களின் பதில். துணி இருந்தால் அழுக்காகும், துவைக்க வேண்டும். துவைத்தால் அதில் உள்ள சிறு உயிர்கள் சாகும். கிழிந்தால் இன்னொன்று கேட்டு வாங்க வேண்டும். திருடன் வந்தால் பயம் வரும். மயக்கமே இல்லாமல் ஒரு பொருளை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வது எளிது, அந்தப் பொருள் உன்னை அப்படி விடாது என்பது அவர்கள் வாதம். பெண்கள் அம்மணமாகத் திரிய முடியாது, ஆகவே பெண் பிறவியிலேயே வீடுபேறு கிடைக்காது என்று இதை நீட்டிக்கொண்டு போனதும் இவர்கள்தான். சுவேதாம்பரர்கள் அதை மறுத்தார்கள். அந்த முடிவை நானும் ஏற்கவில்லை. ஆனால் துணியைப் பற்றி அவர்கள் சொன்னதில் ஒரு கூர்மை இருக்கிறது.

இன்றைக்கு யோகா வகுப்புகளில் அபரிகிரகம் என்று சொல்லித் தருவது பெரும்பாலும் சுவேதாம்பரர் கட்சியின் வாதத்தை மட்டும்தான். 'எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மனத்தில் பற்று இல்லாமல் இருந்தால் போதும்.' கேட்க இதமாக இருக்கிறது, யாருக்கும் செலவும் இல்லை. மூன்று கார் வைத்திருப்பவரும் தலையாட்டிவிட்டுப் போவார். பற்று இல்லை என்று நமக்கு நாமே சான்றிதழ் கொடுத்துக்கொள்ள முடியும் என்றால் அந்த விரதத்துக்கு என்ன வேலை? அதனால்தான் இல்லறத்தாருக்கு விதி வகுத்த சமண ஆசாரியர்கள், மனத்தை அளப்பதை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்தார்கள். நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணியாட்கள், துணிமணி பாத்திரம் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு சொல்லச் சொன்னார்கள்.

யோகப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். பதஞ்சலியின் யோக சூத்திரம் இரண்டாம் பாதத்தில், 30-ஆம் சூத்திரத்தில் ஐந்து யமங்களை, அதாவது ஒழுக்கக் கட்டுப்பாடுகளை, சொல்கிறது. சமணத்தின் அதே ஐந்து, கடைசியில் அதே அபரிகிரகம். இதில் உறுதியாக நிற்பவருக்குத் தன் பிறவிகள் எப்படி வந்தன என்ற அறிவு கிட்டும் என்று 39-ஆவது சூத்திரம் பலன் சொல்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க நம்மிடம் வழியில்லை, அதனால் அதை அப்படியே விட்டுவிடலாம். நமக்கு உதவுவது வியாசர் பெயரில் உள்ள உரை. பொருள்களில் ஐந்து குறைகளைக் கண்டு அவற்றை ஏற்காமல் இருப்பதே அபரிகிரகம் என்கிறது அது. சம்பாதிப்பதில் உள்ள குறை, காப்பதில் உள்ள குறை, அது தேய்ந்து அழிவதில் உள்ள குறை, அதன்மேல் வரும் பற்று, அதனால் பிற உயிருக்கு வரும் இம்சை.

இந்த ஐந்தையும் நமக்குத் தெரிந்த ஒரு பொருளின்மேல் வைத்துப் பார்ப்போம். குடியிருக்க வீடு இருக்கிறது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக ஒரு மனை வாங்கிப் போடுகிறோம். 'வாங்கிப் போடுவது' என்றுதான் சொல்வோம், அதில் வீடு கட்டும் எண்ணம் பெரும்பாலும் இல்லை. முதல் குறை, ஈட்டுவது: கடன், மாதத் தவணை, அதற்காக விட முடியாத வேலை. இரண்டாவது, காப்பது: எல்லைக்கல் அப்படியே இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும், வேலி போட வேண்டும், பட்டா மாற்ற அலைய வேண்டும், யாராவது ஏதாவது பதிந்துவிட்டார்களா என்று அவ்வப்போது வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, அழிவது: வரும் என்று சொன்ன சாலை வேறு பக்கம் போய்விடும், விலை இறங்கும். நான்காவது, பற்று: அந்தப் பக்கம் பேருந்தில் போனாலும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்போம், பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது என்று விசாரிப்போம். ஐந்தாவது, இம்சை: அது நேற்றுவரை வயலாக இருந்திருக்கலாம், ஏரிக்குத் தண்ணீர் போன வாய்க்காலாக இருந்திருக்கலாம். நம்மைப் போலப் பலரும் வாங்கிப் போட்டதால் விலை ஏறி, குடியிருக்க உண்மையிலேயே ஒரு மனை தேடுகிறவருக்கு எட்டாமல் போயிருக்கலாம்.

மனை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. விலைப்பட்டியலில் இருப்பது ஐந்தில் ஒரு குறை மட்டும்தான், மற்ற நான்கும் பத்திரப்பதிவு முடிந்த பிறகுதான் தெரிய வரும் என்கிறேன். இதே கணக்கைத் தமிழ்ச் சமண முனிவர்கள் பாடியதாக மரபு சொல்லும் நாலடியாரும் போடுகிறது. 'ஈட்டலும் துன்பம்' என்று தொடங்கி, காப்பது கடுந்துன்பம், குறைந்தால் துன்பம், அழிந்தால் துன்பம் என்று அடுக்கிக்கொண்டே போய், பொருளைத் துன்பத்தின் குடியிருப்பு என்று முடிக்கிறது அந்தப் பாட்டு. அது இருப்பது 'ஈயாமை' என்ற அதிகாரத்தில். பொருளைத் தூக்கி எறியச் சொல்லும் பாட்டு அல்ல அது, கொடுக்காமல் பூட்டி வைத்திருப்பவரைப் பார்த்துச் சொன்னது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வீட்டைக் காலி செய்து, வெள்ளைச் சுவர், ஒரு நாற்காலி, ஒரு பூச்செடி என்று வைத்துப் படம் போடும் 'மினிமலிசம்' இருக்கிறதே, அது வேறு, இது வேறு. அது கண்ணுக்கு அழகாக இருக்கும், நல்லதுதான். ஆனால் அதில் பெரும்பாலும் இருப்பதைக் கழிப்பார்கள், கழித்த இடத்தில் விலை உயர்ந்த வேறொன்று வந்து உட்காரும். அபரிகிரக விரதம் எதிர்காலத்தை நோக்கிப் போடுவது. இன்று உன்னிடம் என்ன இருக்கிறது என்பதைவிட, நாளைக்கு வருமானம் இரண்டு மடங்கானால் என்ன செய்வாய் என்பதுதான் அதன் கேள்வி. ஆனந்தரின் பட்டியல் முக்கியமாவது இதனால்தான். அவருக்கு 13-ஆவது கோடி வந்தால் அது எங்கே போக வேண்டும் என்பது வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. ஆசை வருவதற்கு முன் போட்ட எல்லைக்குத்தான் பலம் உண்டு. வந்த பிறகு போட்டால் அந்த ஆசையே பேனாவைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லை போட்டாலும் மனிதன் சும்மா இருப்பானா? விரதத்தை உடைக்காமலே உடைக்கும் தந்திரங்களையும் அந்த ஆசாரியர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சமண நூல்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு வீடுதான் என்று விரதம் எடுத்தவர் பக்கத்து வீட்டையும் வாங்கி, நடுச்சுவரை இடித்துவிட்டு, இப்போதும் ஒரே வீடுதான் என்பார். ஒரு வயல் என்றவர் இடையில் உள்ள வேலியை எடுத்துவிடுவார். அளவுக்கு மேல் வந்த பொன்னை, விரதக் காலம் முடியும்வரை வேறு ஒருவரிடம் கொடுத்து வைப்பார். இவை எல்லாம் 'அதிசாரம்', அதாவது விரதத்தைக் கறைப்படுத்தும் மீறல்கள். மனைவி பெயரில், மாமனார் பெயரில், ஓட்டுநர் பெயரில் சொத்து எழுதும் கலை நம் காலத்தில் வந்தது என்று யாரும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

சுவேதாம்பர இல்லறத்தாரிடம் '14 நியமம்' என்று ஒரு அன்றாடப் பழக்கம் உண்டு. வாழ்நாள் முழுக்க என்று பெரிதாகச் சபதம் எடுக்கத் தயங்குகிறவர்களுக்கு இது நல்ல வழி. காலையில் எழுந்ததும் அன்றைய ஒரு நாளுக்கு மட்டும் எல்லை சொல்லிக்கொள்வார்கள். இன்று இத்தனை வகை உணவுதான் சாப்பிடுவேன், இத்தனை உடைதான், இத்தனை ஜோடிச் செருப்புதான், இத்தனை வாகனம்தான், இந்தத் திசையில் இவ்வளவு தூரம்தான் என்று 14 இனங்கள். அடுத்த நாள் காலையில் நேற்றைய கணக்கைச் சரிபார்த்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. 15 வகை உணவு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் 16-ஆவதாக ஒன்றை யாராவது நீட்டும்போது, கை நீள்வதற்கு முன் ஒரு நொடி நின்று யோசிப்போம் அல்லவா, அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனையும்.

இந்தப் பட்டியலை நம் வாழ்க்கைக்கு மாற்றி எழுதுவது கடினமல்ல. செருப்புக்குப் பதில், கூடையில் போட்டு வைக்கும் ஆன்லைன் சாமான்கள். திசைக்குப் பதில், இன்று எந்தெந்தச் செயலிகளுக்குள் போவேன் என்பது. வாகனம் அப்படியே இருக்கட்டும். கைபேசிப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணத்துக்குப் போனால் ஒரே சாப்பாட்டு இலையை நான்கு முறை எடுக்கிறோம். இடம் நிறைந்துவிட்டது என்று கைபேசி சொன்னால், அழிக்க மனம் வராமல் மாதச் சந்தா கட்டிச் சேமிப்பிடம் வாங்குகிறோம். வியாசர் உரையின் ஐந்து குறைகளும் இங்கேயும் உண்டு. எங்கோ ஒரு கட்டடத்தில் கணினிகள் இரவு பகலாக மின்சாரமும் குளிர்ச்சியும் எடுத்துக்கொண்டு அந்த நான்காவது இலைப் படத்தைக் காத்துக்கொண்டிருக்கின்றன.

சரி, வெளியே உள்ள பொருள்கள் போதும். சமண நூல்கள் பரிகிரகத்தை வெளியே 10, உள்ளே 14 என்று பிரிக்கின்றன. உள்ளே இருப்பவற்றில் கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை இருப்பதை எதிர்பார்க்கலாம். பயமும் துக்கமும் இருக்கின்றன. சிரிப்புகூட இருக்கிறது, அதைப் பார்த்து நான் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். வீட்டில் ஒரு சாமான் இல்லாதவரிடமும் இவை மூட்டை மூட்டையாக இருக்கலாம் என்பது கருத்து. நம் காலத்தில் இந்த வகையில் மிகவும் கனமானது பிள்ளைகள்மேல் நாம் வைக்கும் ஆசை என்று நினைக்கிறேன். 'என் பையன் டாக்டர் ஆகணும்' என்ற வாக்கியத்தில் பையன் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பாருங்கள்.

இந்தக் கொள்கையை நவீன வாழ்வில் மிகப் பிடிவாதமாகச் சோதித்துப் பார்த்தவர் காந்தி. சமணரான ராஜ்சந்திரரின் நட்பு அவரை ஆழமாகப் பாதித்தது, பின்னால் தம் ஆசிரம விரதங்களில் அபரிகிரகத்தையும் சேர்த்தார். 1901-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பும்போது நேட்டால் இந்தியர்கள் அவருக்குத் தங்கம், வைரம் என்று பரிசுகள் கொடுத்தார்கள். கஸ்தூர்பாவுக்கு ஒரு தங்கச் சங்கிலி வந்தது. காந்தி எல்லாவற்றையும் அறக்கட்டளையில் சேர்க்க முடிவு செய்தார். கஸ்தூர்பா ஒப்பவில்லை. நாளைக்கு வரும் மருமகள்களுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டார். சங்கிலி என் சேவைக்காகத்தானே வந்தது என்று காந்தி மடக்கியபோது, நான் உங்களுக்காக இரவு பகலாக உழைத்தது சேவையில்லையா என்று திருப்பிக் கேட்டார். நகைகள் கடைசியில் அறக்கட்டளைக்குத்தான் போயின, ஆனால் வாதத்தில் ஜெயித்தது கஸ்தூர்பாதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விரதம் என்பது ஒருவர் தனக்குத்தானே போட்டுக்கொள்வது. குடும்பத் தலைவர் எடுத்த விரதம் மனைவியின் நகைப்பெட்டியைக் கட்டுப்படுத்தாது. நம் வீடுகளில் பெண்கள் கழுத்தில் கிடக்கும் நான்கு பவுன் பல நேரங்களில் ஆடம்பரமே அல்ல. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அடகுக் கடைக்குப் போவது அதுதான். அதைப் பார்த்துப் பற்று என்று சொல்ல, மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உள்ளவருக்கு உரிமை கிடையாது. காந்தி ஒரு கட்டத்தில் தம்முடைய 10,000 ரூபாய் ஆயுள் காப்பீட்டையும் காலாவதியாக விட்டுவிட்டார். கடவுள் காப்பார் என்பது அவர் நம்பிக்கை. கடன் தவணை கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அதைப் பின்பற்றுவது முட்டாள்தனம். விரதத்தின் விளைவை இன்னொருவர் தலையில் கட்டினால் அது முதல் விரதமான கொல்லாமைக்கே விரோதம். இல்லாதவரிடம் போய் 'போதும் என்ற மனம்' பற்றி வகுப்பெடுப்பதும் அப்படித்தான்.

தொடங்க நினைப்பவர்கள் ஒரே ஒரு இனத்தை எடுத்துக்கொள்வது நல்லது. சட்டையோ சேலையோ, பாத்திரமோ, மனையோ, கைபேசிப் படமோ, எதில் கை அடிக்கடி நீள்கிறதோ அது. ஓர் எண், ஒரு காலக்கெடு, இரண்டையும் தாளில் எழுதிவிட வேண்டும். முதல் வருடம் எண்ணைக் கொஞ்சம் தாராளமாகவே போடலாம், ஆனந்தரே தம்மிடம் இருந்ததைக் குறைக்கவில்லை, அதற்கு மேல் போகக் கூடாது என்றுதான் வைத்துக்கொண்டார். மிஞ்சுவது எங்கே போகும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் விரதம் வெறும் சிக்கனமாகி, வங்கிக் கணக்கில் வேறு உருவத்தில் குவியும். சமண மரபு இதற்கு நான்கு வழிகள் வைத்திருக்கிறது: உணவு, மருந்து, நூல், அபயம். முதல் மூன்றும் காசு கொடுத்தால் முடியும். அபயம் என்பது பயத்திலிருந்து ஓர் உயிரைக் காப்பது. உயிர் பயத்தில் இருக்கும் ஆட்டுக்கும் அது பொருந்தும், வாடகை கொடுக்க முடியாமல் எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று தவிக்கும் குடித்தனக்காரருக்கும் பொருந்தும். இரண்டாவது வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இந்த நான்காவதிலிருந்தே தொடங்கலாம்.